63 வருஷம் கழித்து 9,000 டாலர்: பிலிப்பைன்ஸ் படைவீரர்கள் விஷயத்தில் நடந்தது என்ன?

#1 மணிமுத்தாறு

போன ஞாயிறு எதிர்வீட்டு லோலா வீட்டைக் காலி செய்தார். சாக்ரமெண்டோ பக்கம் மகள் வீட்டுக்குப் போகிறார். பெட்டி தூக்க ஆள் கேட்டதால் நானும் போனேன். (பிலிப்பினோக்கள் பேச்சில் லோலா என்றால் பாட்டி, லோலோ என்றால் தாத்தா. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் டேலி சிட்டியில் பத்து வருஷம் இருந்தால் இதெல்லாம் தானாக வாயில் வந்துவிடும்.)

துணி, பாத்திரம், மாதா சிலை எல்லாவற்றையும் மகள் கட்டிவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலை மட்டும் லோலா யாரிடமும் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். அவர் கணவர் 2018ல் இறந்துபோனார். வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் அவராகவே திறந்து காட்டினார்.

முதலில் 1990களில் கிடைத்த அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழ். அடுத்து அமெரிக்க அரசு 15,000 டாலர் அனுமதித்த கடிதம். அப்புறம் பழுப்பேறிய ஒரு படிவம், தலைப்பில் 23 என்று எண், சத்தியப் பிரமாணம் செய்து போட்ட கையெழுத்து. டப்பாவோடு ஒரு வெண்கலப் பதக்கம். கடைசியில் ஒரு ஜெராக்ஸ். அது லோலோவின் தம்பிக்கு வந்த மறுப்புக் கடிதம். அவர் பிலிப்பைன்ஸில் பம்பாங்கா மாகாணத்திலேயே இருந்து 2012ல் காலமானவர். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்: உங்கள் பெயர் பதிவேட்டில் இல்லை.

அண்ணன் பட்டாளத்தில் இருந்து, பட்டான் தீபகற்பத்தில் ஜப்பானிடம் பிடிபட்டு, கைதியாக முகாம் வரை நடந்து போனவர். தம்பிக்கு அப்போது பதினாறு வயசு, கெரில்லாக்களுக்குச் சேதி கொண்டுபோன பையன். ஒரே வீடு, ஒரே யுத்தம். ஒருவருக்குப் பணமும் பதக்கமும், மற்றவருக்கு ஒரு தாள்.

எனக்கு இந்த விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தது 1945ல், பணம் வந்தது 2009ல். நடுவில் என்ன நடந்தது? வக்கீல் சார் இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

#2 ஹவில்தார்_ஓய்வு

தம்பி, பெயர் பதிவேட்டில் இல்லை என்பது எங்களுக்குப் புதுசு இல்லை. நான் 22 வருஷம் சர்வீஸ். எங்கள் ஊரில் ஒரு அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் இரண்டு வருஷம் நின்றது. வீட்டுக்காரர் சர்வீஸ் புக்கில் மனைவி பெயர் லட்சுமி, ஆதாரில் லட்சுமியம்மாள். அந்த “அம்மாள்” ஒன்றுக்காக எத்தனை நடை!

ஆனால் எங்கள் கதையில் ஆள் பட்டாளத்தில் இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. இவர்கள் கதையில் அதையே கேட்கிறார்களே, அது எப்படி?

#3 சட்டப்புள்ளி

இருக்கிறேன் மணி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

1941ல் பிலிப்பைன்ஸ் தனி நாடு இல்லை. 1898ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட நிலம். 1934ல் போட்ட சட்டப்படி பத்து வருஷ இடைக்காலம் முடிந்து சுதந்திரம் தருவதாக ஏற்பாடு, 1935லிருந்து காமன்வெல்த் அரசு. அதற்கென்று ஒரு சின்னப் படையும் இருந்தது. 1941 ஜூலை 26ல் ரூஸ்வெல்ட் ஓர் இராணுவ ஆணை போட்டு அந்தப் படையை அமெரிக்க ஆயுதப் படைகளின் சேவைக்கு அழைத்துக்கொண்டார். தளபதி மெக்ஆர்தர். அவர்களாக வந்து சேர்ந்த கூலிப்படை இல்லை, ஜனாதிபதியின் ஆணையில் வந்தவர்கள்.

டிசம்பரில் ஜப்பான் இறங்கியது. 1942 ஏப்ரல் 9ல் பட்டான் விழுந்தது, மே 6ல் கொரெகிடோர் தீவு. பட்டானில் சரணடைந்தவர்கள் சுமார் 75,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். மரிவெலெஸிலிருந்து சான் ஃபெர்னாண்டோ வரை சுமார் 100 கிலோமீட்டர் வெயிலில் நடத்தினார்கள். அங்கே சரக்கு ரயில் பெட்டிக்குள் அடைத்து காப்பாஸ், அங்கிருந்து மறுபடி நடை, ஓடானல் முகாம். அந்த முகாமில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ வீரர்கள் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார்கள். அவர்களில் பலர் நேராகக் கெரில்லாப் படைகளில் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது ஹவில்தார் ஐயா கேட்டதற்கு வருகிறேன். 1946 பிப்ரவரி 18ல் அமெரிக்க நாடாளுமன்றம் செலவு மீட்புச் சட்டம் ஒன்றைப் போட்டது. யுத்தத்துக்கு ஒதுக்கி, செலவாகாமல் கிடந்த பணத்தைத் திரும்ப எடுக்கும் சட்டம். அதற்கு நடுவில் ஒரு வாக்கியத்தைச் செருகினார்கள். தமிழில் கிட்டத்தட்ட இப்படி வரும்: 1941 ஜூலை 26 ஆணைப்படி அமெரிக்க ஆயுதப் படைகளின் சேவையில் இருந்த காலத்தில் பிலிப்பைன்ஸ் படையினர் செய்த பணி, சலுகைகள் வழங்கும் எந்த அமெரிக்கச் சட்டத்தின் நோக்கத்துக்கும், அமெரிக்கப் படைகளில் செய்த பணியாகக் கருதப்படமாட்டாது.

ஒரே வாக்கியத்தின் முதல் பாதி “சேவையில் இருந்தபோது” என்கிறது. இரண்டாம் பாதி “இருந்ததாகக் கருதமாட்டோம்” என்கிறது. இருபத்தைந்து வருஷமாகச் சட்டம் படிக்கிறேன், இப்படி ஒரு வாக்கியத்தை அதிகம் பார்த்ததில்லை.

#4 குறுக்குக்கேள்வி

எல்லோரும் கண்ணீர் விடுவதற்கு முன்னால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அதே சட்டத்தில் பிலிப்பைன்ஸ் படைக்கென்று 20 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஐந்தே மாதத்தில், 1946 ஜூலை 4ல், அது சுதந்திர நாடு. இன்னொரு நாட்டின் முன்னாள் வீரர்களுக்கு அமெரிக்க வரிப்பணத்தில் ஆயுள் முழுக்கப் பென்ஷன் கொடுக்க வேண்டும் என்றால் எப்படி? அதைப் பார்த்துக்கொள்ள மணிலாவில் ஓர் அரசு இருந்ததே.

இன்னொன்று, கெரில்லா என்று சொல்லிக்கொண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்டது சுமார் 2,60,000 பேரை. மனுப் போட்ட எல்லோருமே உண்மையான கெரில்லாக்களா?

#5 மணிமுத்தாறு

இது நியாயமான கேள்வி. ஆனால் வீட்டில் நெருப்பு பிடித்தபோது பக்கத்து வீட்டுக்காரனைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, அணைந்த பிறகு “உனக்குத் தனி வீடு வந்துவிட்டதே, காயத்துக்கு நீயே மருந்து போட்டுக்கொள்” என்றால்?

#6 சட்டப்புள்ளி

உவமை எல்லாம் இருக்கட்டும். குறுக்குக்கேள்வி சொன்ன 20 கோடி உண்மைதான். ஏன் அந்தத் தொகை என்றால், அன்று முன்னாள் படைவீரர் நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர் ஜெனரல் ஒமர் பிராட்லி. முழுச் சலுகையும் கொடுத்தால் காலப்போக்கில் 300 கோடி டாலரைத் தாண்டும் என்று அவர் தரப்பு மதிப்பிட்டது. 300 கோடி கொடுப்பதற்குப் பதிலாக 20 கோடியோடு முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

கையெழுத்துப் போட்ட ட்ரூமனுக்கே மனசு ஒப்பவில்லை. இந்தச் சட்டம் வந்ததால் பிலிப்பைன்ஸ் வீரர்களுக்குச் செய்ய வேண்டிய தார்மிகக் கடமையிலிருந்து அமெரிக்கா விடுபட்டுவிடவில்லை என்று இரண்டு நாள் கழித்து அறிக்கை விட்டார். அறிக்கை விட்டாரே தவிர, கையெழுத்தைத் திரும்ப வாங்கவில்லை.

முழுக்க ஒன்றுமே தரவில்லை என்பதும் சரியில்லை. போரில் ஊனமானவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் இழப்பீடு உண்டு. ஆனால் ஒரு டாலர் சேர வேண்டிய இடத்தில் ஒரு பெசோ, அதாவது பிலிப்பைன்ஸ் நாணயம். அப்போது ஒரு டாலருக்கு இரண்டு பெசோ, ஆக அமெரிக்க வீரருக்குக் கிடைப்பதில் பாதி. 1960களில் பெசோ சரிந்து டாலருக்கு நான்கை நெருங்கியபோது அந்தப் பாதியும் கால்வாசி ஆனது. 1966ல்தான் டாலருக்கு ஐம்பது சென்ட் என்று மாற்றினார்கள். விலைவாசி குறைந்த நாடு, பாதி போதும் என்பது வாதம்.

#7 ஹவில்தார்_ஓய்வு

காலில் குண்டு பட்டவனுக்கு விலைவாசிப் பட்டியலா? எந்த நாட்டில் பட்டாலும் கால் ஒன்றுதானே.

#8 நீலாம்பரி

இடையில் ஒரு சந்தேகம். சிகாகோவில் என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தாத்தாவும் பிலிப்பினோ, பட்டானில் இருந்தவர்தான். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே முழுப் பென்ஷன் வந்தது என்கிறார். அப்படியானால் இந்தச் சட்டம் எல்லோருக்கும் இல்லையா?

#9 சட்டப்புள்ளி

அவர் தாத்தா பழைய ஸ்கவுட்டாக இருந்திருப்பார். நாலு வகை உண்டு. முதலாவது பழைய பிலிப்பைன் ஸ்கவுட்ஸ், யுத்தத்துக்கு முன்பிருந்தே அமெரிக்க இராணுவத்தின் நேரடிப் பிரிவு. அவர்களுக்கு முழுச் சலுகை. இரண்டாவது காமன்வெல்த் படை. மூன்றாவது அங்கீகரிக்கப்பட்ட கெரில்லாக்கள். நாலாவது யுத்தம் முடிந்த கையோடு காவல் பணிக்குச் சேர்த்த புதிய ஸ்கவுட்ஸ், இவர்களை 1946 மே மாதம் வந்த இன்னொரு சட்டம் வெட்டியது.

ஹோசே கலூகாஸ் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள் நீலாம்பரி. பழைய ஸ்கவுட், சமையல் சார்ஜண்ட். 1942 ஜனவரி 16ல் பட்டானில் கூலிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பீரங்கி அடி வாங்கி, அதை இயக்கியவர்கள் எல்லோரும் விழுந்துவிட்டார்கள். அடுப்படியில் இருந்த இவர் குண்டு விழுந்துகொண்டிருந்த வெட்டவெளியில் சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடிப்போய், ஆட்களைத் திரட்டி அந்தப் பீரங்கியை மறுபடி சுட வைத்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. பிறகு குடியுரிமை, அமெரிக்க இராணுவத்தில் கேப்டன் வரை பதவி உயர்வு, ஓய்வு.

அவருக்குப் பக்கத்துப் பதுங்குகுழியில் காமன்வெல்த் படைக்காரன் ஒருவன் இருந்திருந்தால்? அதே குண்டு, அதே மலேரியா, அதே அரை வயிற்றுச் சோறு. சட்டத்தின் கண்ணில் அவன் பணியில் இல்லை.

#10 குறுக்குக்கேள்வி

சரி, பிரிவு பார்த்துப் பிரித்தது அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போலி விஷயத்தை யாரும் தொடவில்லையே. ஃபெர்டினாண்ட் மார்கோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மஹார்லிகா என்று 9,000 பேர் கொண்ட கெரில்லாப் படையை நடத்தியதாகச் சொல்லி அங்கீகாரம் கேட்டார். அமெரிக்க இராணுவம் விசாரித்து, இது மோசடி என்று 1940களிலேயே தள்ளிவிட்டது. அந்த ஃபைல் ஆவணக் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்து 1986 ஜனவரியில், அவர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தபோது, பத்திரிகையில் வந்தது. இருபது வருஷம் நாட்டை ஆண்டவரே இப்படி என்றால் பட்டியலைக் கறாராகப் பார்த்தது தப்பா?

#11 ஹவில்தார்_ஓய்வு

மார்கோஸ் பென்ஷனுக்கா அலைந்தார்? பெரிய மீன் வலையை அறுத்துக்கொண்டு போகும், நெத்திலிதான் மாட்டும். கெரில்லா என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எவனும் காட்டில் திரிய மாட்டான். பிடிபட்டால் அவனோடு போகாது, பட்டியலில் உள்ள அத்தனை வீடும் போகும். ஒழுங்காக ரகசியம் காத்தவனிடம்தான் காகிதம் இருக்காது. இருக்கவும் கூடாது.

#12 சட்டப்புள்ளி

ஐயா சொன்னதில்தான் மணியின் லோலோ தம்பி கதை இருக்கிறது.

கெரில்லா அங்கீகாரப் பணியை இராணுவம் 1948ல் மூடியது. பிரிவுத் தலைவன் உயிரோடு இருந்து, பட்டியல் எழுதிக் கொடுத்து, அதிகாரியும் நம்பினால்தான் பெயர் ஏறும். ஹுக் என்று சொல்லப்பட்ட விவசாயிப் படைகள் லூசோன் தீவின் நடுப்பகுதியில் ஜப்பானோடு கடுமையாகச் சண்டை போட்டன, பம்பாங்கா அவர்கள் கோட்டை. கம்யூனிஸ்ட் தலைமை என்பதால் பெரும்பாலோருக்கு அங்கீகாரம் இல்லை. மணி, அந்தத் தம்பி எந்தப் பிரிவுக்கு ஓடினார் என்று லோலாவுக்குத் தெரியுமா?

ஏறிய பெயர்கள் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மிசூரி மாநிலத்தில் இருப்பதால் பிலிப்பினோக்கள் அதை மிசூரி லிஸ்ட் என்பார்கள். அந்தக் காப்பகத்தில் 1973 ஜூலையில் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இராணுவக் கோப்புகள் அழிந்தன. பிலிப்பைன்ஸ் வீரர்கள் தங்கள் பணியைச் சொல்லிச் சத்தியம் செய்து கொடுத்த படிவம் 23கள் அதில் தப்பியவை என்றாலும், ஒரு பெயரைச் சரிபார்க்க அந்த ஒரு கட்டடத்தைத்தான் கேட்க வேண்டும். மணிலாவில் அவர்கள் அரசே கொடுத்த சான்றிதழைக் காட்டினால் செல்லாது.

2009 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார மீட்புச் சட்டத்தின் ஒரு மூலையில் 19.8 கோடி டாலர் நிதி வந்தது. ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே பல வருஷம் விடாமல் தள்ளியது. அமெரிக்கக் குடிமகன் என்றால் 15,000, இல்லையென்றால் 9,000, ஒரே தடவை. விண்ணப்பிக்க ஒரு வருஷம். 42,000க்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள், கிடைத்தது சுமார் 19,000 பேருக்கு. மறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் அந்தப் பட்டியல்.

#13 மணிமுத்தாறு

பிரிவின் பெயரை லோலா சொன்னார், எழுத்து சரியாகப் பிடிபடவில்லை. தலைவன் 1944லேயே செத்துவிட்டானாம். பட்டியல் கொடுக்க யாருமில்லை.

#14 கெடா_கமலம்

சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன், பட்டியல் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் பாட்டியின் அண்ணனை எஸ்டேட்டிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே ஜப்பான்காரன், அதே 1943. மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர் போனார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஒவ்வொரு பெயராகப் பொறித்த கல்லறை இருக்கிறது, போய்ப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்குப் பெயர் எழுதிய நோட்டுகூட இல்லை. பிலிப்பினோக்களுக்கு இல்லாத பெயரைத் தேட ஒரு மிசூரியாவது இருக்கிறது.

#15 நெறியாளர்

கமலம் அக்கா, இதற்குத் தனி இழையே போடலாம், தயவுசெய்து போடுங்கள். இங்கே மட்டும் பிலிப்பைன்ஸை விட்டு விலகாமல் தொடர்வோம்.

#16 நீலாம்பரி

குடியுரிமை ஏன் 1990களில்? லோலாவின் சான்றிதழைப் பற்றி மணி சொன்னதிலிருந்து அது மண்டையைக் குடைகிறது.

#17 சட்டப்புள்ளி

அது இன்னொரு கூத்து. அமெரிக்கப் படையில் பணிபுரிந்த வெளிநாட்டவர் சுலபமாகக் குடியுரிமை பெறலாம் என்று 1942ல் ஒரு சட்டம். 1946 டிசம்பர் 31 வரைதான் அது நிற்கும். வெளிநாடுகளிலேயே மனு வாங்க அதிகாரிகளை அனுப்பினார்கள். மணிலாவில் இருந்த அதிகாரியின் அதிகாரத்தை மட்டும் 1945 அக்டோபரில் ரத்து செய்து, 1946 ஆகஸ்டில்தான் இன்னொருவரைப் போட்டார்கள். ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள் என்ற கவலை. பத்து மாதம் கடை திறக்கவில்லை, கெடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வீரர்கள் நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் 1973லும் 1988லும் கெடு முடிந்தது முடிந்ததுதான் என்றது. கடைசியில் 1990 குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு போட்டுக் கொடுத்தார்கள். அப்போது அவர்களுக்கு எழுபது வயசு.

பென்ஷன் வாக்கியத்தின் மேலும் வழக்கு நடந்தது. 1989ல் கீழ் நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 1991ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. தீர்ப்பு எழுதியவர் யார் தெரியுமா? ரூத் பேடர் கின்ஸ்பர்க். பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் சமத்துவத்தின் அடையாளமாகவே ஆனவர். மாநிலமாக இல்லாத ஆட்சிப்பகுதி மக்களுக்கான சலுகையைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு என்ற பழைய முன்னுதாரணங்களைத்தான் பின்பற்றினார். தப்பு அவர்மேல் என்று சொல்ல மாட்டேன், எனக்கு இன்றும் அது தொண்டையில் நிற்கும் முள்.

#18 மணிமுத்தாறு

குடியுரிமை கிடைத்து வந்த பிறகு நடந்ததை இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். எழுபது வயசில் யார் வேலை கொடுப்பார்? முதியோர் உதவித்தொகையில் வாழ்ந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அறையில் நாலு பேர், ஐந்து பேர். ஒருவர் சமைப்பார், எல்லோரும் சாப்பிடுவார்கள், மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புவார்கள். ஊரில் மனைவி, பிள்ளைகள். உதவித்தொகை வேண்டுமென்றால் அமெரிக்காவில்தான் இருக்க வேண்டும், ஊருக்குத் திரும்பினால் நின்றுவிடும். 1997ல் வெள்ளை மாளிகை வேலியில் சங்கிலி போட்டுக்கொண்டு நின்றார்கள், லாஸ் ஏஞ்சலஸில் மெக்ஆர்தர் சிலைக்குக் கீழேயும் அதே போராட்டம்.

லோலோவும் 94லிருந்து ஆறு வருஷம் அப்படி ஓர் அறையில் இருந்தவர்தான். மாதம் ஒரு தரம் போன்.

#19 சட்டப்புள்ளி

2000லிருந்து அதற்கு ஒரு வழி வந்தது. ஊர் திரும்பிப் போகிறவர்களுக்கு அந்த உதவித்தொகையில் முக்கால் பங்கு. அரசுக்கும் மிச்சம், கிழவர்களுக்கும் வீட்டில் சாகும் வசதி. அதே வருஷம் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஊன இழப்பீட்டை முழு டாலராக்கினார்கள், 2003ல் மருத்துவ வசதி கொஞ்சம் கூடியது. இப்படித் துண்டு துண்டாகத்தான் எல்லாம் வந்தது. ஒட்டுப் போட்ட வேட்டி.

#20 குறுக்குக்கேள்வி

நான் வேறு பக்கமாக இழுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பிலிப்பைன்ஸ் அரசு என்ன கிழித்தது? யுத்த வீரர்களின் முதியோர் பென்ஷன் ரொம்ப நாள் மாதம் 5,000 பெசோ. 20,000 ஆக்கும் சட்டம் 2018 டிசம்பரில். அதற்குள் எத்தனை பேர் மிச்சம்? ஒவ்வொரு ஏப்ரல் 9ம் தேதியும் பட்டானில் சமாத் மலை நினைவுச் சிலுவைக்குக் கீழே போய் மாலை வைக்கிறார்கள். வாஷிங்டனைத் திட்டும்போது மணிலாவையும் திட்டுங்கள், அவ்வளவுதான்.

#21 சட்டப்புள்ளி

இதில் உங்களோடு சண்டை இல்லை. இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்காவில் பென்ஷன் வாங்கினால் உள்ளூர்ச் சலுகை போய்விடும் என்று பிலிப்பைன்ஸ் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது. அதை 2008ல்தான் எடுத்தார்கள்.

#22 மணிமுத்தாறு

நேற்று சாக்ரமெண்டோ போயிருந்தேன், ஒரு பெட்டி என் காரிலேயே தங்கிவிட்டது. லோலா சுமன் (வாழை இலையில் சுற்றிய ஒட்டரிசிப் பண்டம்) கொடுத்து உட்கார வைத்தார்.

வக்கீல் சார் எழுதிய அந்த 1946 வாக்கியத்தை அவருக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டினேன். அவர் அதை முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவையாம், லோலோ சட்டம் என்று மட்டும்தான் சொல்வாராம். மகளிடம் டகாலோக் மொழியில் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, “பணியில் இல்லையென்றால் அவரை ஏன் நடக்கவிட்டார்களாம்?” என்றார்.

நான் என்ன சொல்வது? இன்னொரு சுமனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

#23 நீலாம்பரி

மணி, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாக்கியம் இன்னும் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா? 2009ல் பணம் கொடுத்தார்களே.

#24 சட்டப்புள்ளி

இருக்கிறது. ரத்து செய்யக் கேட்டு மசோதாக்கள் திரும்பத் திரும்ப வந்தன, ஒன்றும் தேறவில்லை. 2009 சட்டத்தில் வேடிக்கை என்னவென்றால், இவர்கள் பணியை இராணுவப் பணியாக இதனால் அங்கீகரிக்கிறோம் என்று ஒரு வரி உண்டு. ஆனால் “இந்தப் பிரிவின் நோக்கத்துக்கு, இந்தப் பிரிவு சொல்லும் அளவுக்கு” என்று வால் ஒட்டியிருக்கிறது. செக் எழுதும் நேரத்துக்கு மட்டும் வீரர்கள். பணத்தை வாங்கினால், அந்தப் பணிக்காக அமெரிக்காமேல் இருக்கும் மற்றக் கோரிக்கைகளைக் கைவிட்டதாக அர்த்தம் என்றும் போட்டிருக்கிறார்கள், முன்பே கிடைத்துவந்த சலுகைகள் நீங்கலாக.

#25 குறுக்குக்கேள்வி

இதற்கு மட்டும் பதில் இல்லை என்னிடம். பணம் குறைவு என்பதை வாதாடலாம், அந்த வால் அவமானம்.

பதக்கம் எப்படி வந்தது? அது தனிச் சட்டமா?

#26 சட்டப்புள்ளி

ஆமாம். நாடாளுமன்றத் தங்கப் பதக்கச் சட்டம், 2016 டிசம்பர் 14ல் ஒபாமா கையெழுத்து. 2017 அக்டோபர் 25ல் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே விழா. முன்னால் நின்று பாடுபட்டவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் அந்தோனியோ தகூபா. ஈராக்கில் அபு கிரைப் சிறைக் கொடுமைகளை விசாரித்து அறிக்கை கொடுத்தாரே, அவர்தான். அவர் அப்பா பட்டானில் இருந்தவர். தங்கப் பதக்கம் ஒன்றே ஒன்று, அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். வீரர்கள் கையில் இருப்பது அதன் வெண்கலப் பிரதி.

மக்தலேனா லியோனெஸ் என்ற பெண் லூசோனில் ஜப்பான் காவலைத் தாண்டி வானொலிப் பாகங்களும் ரகசியங்களும் கொண்டுபோனவர், அமெரிக்காவின் வெள்ளி நட்சத்திரம் பெற்றவர். 2016 ஜூனில் கலிஃபோர்னியாவில் இறந்தார். சட்டத்துக்கு ஆறு மாதம் முன்னால்.

#27 ஹவில்தார்_ஓய்வு

பிள்ளைகள் விஷயம் என்ன ஆனது? அந்த மகள் எப்படி இங்கே வந்தாள்?

#28 மணிமுத்தாறு

அவள் வந்தது நர்ஸ் வேலையில் ஐயா, அப்பாவால் இல்லை. அப்பா அவளுக்குப் போட்ட விசா மனு வரிசை இருபது வருஷத்துக்கு மேல். 2016 ஜூனில் வீரர்களின் பிள்ளைகள் விசா எண் வரும் முன்பே வந்து பார்த்துக்கொள்ள ஒரு தற்காலிக அனுமதித் திட்டம் கொண்டுவந்தார்கள். 2019 ஆகஸ்டில் அதை நிறுத்தப்போவதாக அடுத்த அரசு அறிவித்தது. லோலோவுக்குக் கடைசியில் டயப்பர் மாற்றியது அவள்தான். அண்ணன் இன்னும் பம்பாங்காவில்.

#29 குறுக்குக்கேள்வி

தம்பிக்காரர் மேல்முறையீடு செய்தாரா? இப்போது யாராவது செய்ய முடியுமா?

#30 சட்டப்புள்ளி

புது விண்ணப்பம் 2010 பிப்ரவரி 16ஓடு முடிந்தது. கெடுவுக்குள் மனுப் போட்டுவிட்டு இறந்தவர்களின் மனைவிக்கு உரிமை உண்டு, முன்னாலேயே இறந்தவர்களின் விதவைகளுக்கு அதுவும் இல்லை. மறுப்புகளைப் பற்றிப் புகார் பெருகி 2012ல் வெள்ளை மாளிகை ஒரு குழு போட்டு நடைமுறையைப் பார்த்தது. விளக்கம் கிடைத்தது, பட்டியல் மாறவில்லை.

#31 மணிமுத்தாறு

மேல்முறையீடு செய்தார். மூன்று பேர் சாட்சி எழுதிக் கொடுத்தார்கள், எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். பதில் வருவதற்குள் இரண்டு சாட்சிகள் போய்விட்டார்கள்.

லோலாவின் மகள் இன்று காலை ஃபோட்டோ அனுப்பினாள். புது அறையில் ஃபைலைப் பிரித்துத் திரும்ப அடுக்கியிருக்கிறார். மைத்துனரின் ஜெராக்ஸை மட்டும் வெளியே எடுத்து, எட்டாக மடித்து, பதக்க டப்பாவுக்குள் வைத்திருக்கிறார். டப்பா மூடவில்லை. ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்.